மெய்நிகர் சோதனைக்கூடம் (மென்பொருள் நிறுவல்)

மெய்நிகர் சோதனைக்கூடம் என்பது, ஒரு மென்பொருளைப் பயனர்களின் கணினிகளில் நிறுவுவதற்கு முன்னர், அக்கணினிகளையும் வழங்கிகளையும் அவற்றை இணைக்கும் பிணையத்தையும் மென்பொருள் வழியாகவே உருவாக்கி, நிறுவலை ஒத்திகை பார்க்க உதவும் சூழல் ஆகும். இங்கு நிறுவல் என்னும் சொல் நிரலைக் கணினியில் படியெடுப்பதை மட்டும் குறிக்காது. தரவுத்தளத்தின் கட்டமைப்பை மாற்றுதல், பழைய தரவுகளைப் புதிய வடிவுக்குக் கொண்டுவருதல், அமைப்புகளைத் திருத்துதல், தவறு நேர்ந்தால் பழைய நிலைக்கு மீளுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் பிரிந்தும் இணைந்தும் மீண்டும் பிரிந்தும் வந்த வரலாறு, இத்தகைய கூடத்தின் தேவையை விளக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

ஒரே கணினியைப் பல கணினிகள் போல் இயங்கச் செய்யும் முறை மெய்நிகராக்கம் எனப்படுகிறது. 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளில் இதனை உருவாக்கியது. 1972 இல் அந்நிறுவனத்தின் விஎம்/370 இயக்குதளம் வெளிவந்தது. 1974 இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் ஆகிய இருவரும், ஒரு கணினிக் கட்டமைப்பு மெய்நிகராக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய நிபந்தனைகளை வரையறுத்தனர்.

1999 இல் வெளிவந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேசன் இம்முறையைத் தனியாள் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 2005 முதல் இன்டெல், 2006 முதல் ஏஎம்டி ஆகியவை மெய்நிகராக்கத்துக்கான ஆணைகளைத் தம் செயலிகளிலேயே சேர்த்தன. 2007 இல் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதே ஆண்டு கேவிஎம் லினக்சு கருவகத்தில் இடம்பெற்றது. இவற்றின் பின்னர், ஒரு மாணவரின் கணினியிலும் செலவின்றிச் சோதனைக்கூடம் அமைப்பது இயல்வதாயிற்று.

எடுத்துக்காட்டு: மாவட்டப் பிரிப்பு

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995 இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2001 சனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2002 மார்ச் 31 அன்று அது மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று.

குடிமக்களின் பிறப்பு, நிலம், சான்றிதழ் போன்றவற்றைச் சேமிக்கும் ஒரு பதிவு மென்பொருளைக் கற்பனை செய்து கொள்ளலாம். மாவட்டம் பிரியும் நாளில், குறிப்பிட்ட வட்டங்களின் பதிவுகள் அனைத்தும் புதிய மாவட்டக் குறியீட்டைப் பெற வேண்டும். இம்மாற்றத்தை நேரடியாக உண்மைத் தரவுத்தளத்தில் செய்து, ஓர் ஊரின் குறியீடு விடுபட்டுப் போனால், அவ்வூர்ப் பதிவுகள் அழிவதில்லை. ஆனால் புதிய மாவட்டத்தில் தேடினால் அவை கிடைக்கமாட்டா. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டு வரும் உடையார்பாளையம் வட்டத்து மாணவருக்குப் "பதிவு இல்லை" என்ற விடையே கிடைக்கும். பிழை ஒரு குறியீட்டில் உள்ளது என்பதை அவரும் அறியார், திரையைப் பார்க்கும் அலுவலரும் அறியார். சேர்க்கைக்கான கடைசி நாள் இதற்காகக் காத்திருப்பதில்லை.

கூறுகள்

ஒரு சோதனைக்கூடத்தில் பின்வருவன இருக்கும்.

1. விருந்தோம்பிக் கணினி: உண்மையான வன்பொருள். இதன் நினைவகமும் வன்தட்டுமே மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன.

2. ஹைப்பர்வைசர்: வன்பொருளைப் பகிர்ந்தளித்து, மெய்நிகர் கணினிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கும் மென்பொருள்.

3. விருந்தினர் கணினிகள்: ஒவ்வொன்றும் தனக்கென இயக்குதளம் கொண்ட மெய்நிகர் கணினிகள்.

4. மெய்நிகர் பிணையம்: விருந்தினர் கணினிகளை மட்டும் இணைப்பது. சோதனையின்போது உண்மையான வழங்கிக்கு ஆணைகள் சென்றுவிடாமல் தடுப்பதால் இது இன்றியமையாதது.

5. நிலைப்பதிவு: ஸ்னாப்சாட் எனவும் அழைக்கப்படும். ஒரு கணத்தில் மெய்நிகர் கணினி இருந்த நிலையைக் குறித்து வைத்து, பின்னர் அந்நிலைக்கே திரும்ப உதவுவது. வன்தட்டு முழுவதும் படியெடுக்கப்படுவதில்லை. குறித்த கணத்துக்குப் பின் ஏற்படும் மாற்றங்கள் தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன. திரும்பும்போது அக்கோப்பு கைவிடப்படுகிறது.

அமைக்கும் முறை

16 கிகாபைட்டு நினைவகம் கொண்ட ஒரு கணினி சிறிய கூடத்துக்குப் போதுமானது. தரவுத்தள வழங்கிக்கு 4, செயலி வழங்கிக்கு 2, இரண்டு பயனர் கணினிகளுக்கு 2 வீதம் 4 என 10 கிகாபைட்டு ஒதுக்கினால், விருந்தோம்பிக் கணினிக்கு 6 கிகாபைட்டு எஞ்சும். நினைவகம் முழுவதையும் விருந்தினர்களுக்கு ஒதுக்கினால் அனைத்துக் கணினிகளும் ஒருசேர மந்தமாகும்.

முதலில் ஓர் அடிப்படை மெய்நிகர் கணினியில் இயக்குதளம் நிறுவப்பட்டு, திருத்தங்கள் இடப்படுகின்றன. பின்னர் அதிலிருந்து மற்றவை படியெடுக்கப்படுகின்றன. அவ்வாறு செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் புதிய பிணைய அட்டை முகவரியும் கணினிப் பெயரும் தரப்பட வேண்டும். இரண்டு கணினிகள் ஒரே முகவரியைக் கொண்டிருந்தால், இணைப்பு ஒருமுறை கிடைத்து மறுமுறை அறுபடும். காரணம் எளிதில் புலப்படாது. முகவரிகளுக்கு 192.168.50.1 போன்ற தனியார் வீச்சு பயன்படுத்தப்படுகிறது.

பயனர் கணினிகளில் ஒன்று, களத்தில் உள்ள மிகப் பழைய இயக்குதளத்தையும் உலாவியையும் கொண்டிருப்பது நன்று. மேம்பாட்டாளரின் புதிய கணினியில் இயங்கும் மென்பொருள், அலுவலகத்தின் பழைய கணினியிலும் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. லினக்சில் உள்ள போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வசதியைக் கொண்டு, மெய்நிகர் பிணையத்தில் வேண்டுமென்றே தாமதத்தையும் பொதி இழப்பையும் உண்டாக்கி, மெதுவான இணைப்பையும் போலச் செய்யலாம்.

தரவுகளை நிரப்பும்போது உண்மையான பெயர்களையும் எண்களையும் மறைத்து மாற்றிய படியே பயன்படுத்தப்பட வேண்டும். இந்தியாவில் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. எனினும் மாற்றுப் பெயர்கள் உண்மைப் பெயர்களைப் போன்றே நீளமும் தமிழ் எழுத்துகளும் கொண்டிருக்க வேண்டும். எல்லாப் பெயர்களையும் ஒரே எழுத்தால் நிரப்பினால் கீழ்க்காணும் பிழைகள் வெளிப்படா.

சோதனைகள்

எழுத்து நீளம்: ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். "அரியலூர்" என்பது கண்ணுக்கு 5 எழுத்து, குறியுருக்கள் 8, ஆகவே 24 பைட்டு. "பெரம்பலூர்" என்பது 6 எழுத்து, குறியுருக்கள் 10, ஆகவே 30 பைட்டு. மாவட்டப் பெயருக்கு 25 பைட்டு ஒதுக்கிய தரவுத்தளத்தில் அரியலூர் ஏற்கப்படும், பெரம்பலூர் மறுக்கப்படும் அல்லது வெட்டுப்படும். பழைய ஒற்றைப் பைட்டுக் குறியாக்கங்களில் இரு பெயர்களும் பத்துப் பைட்டுக்குள் அடங்கியதால், அக்காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்திய தரவுகளை மாற்றும்போது இச்சோதனை தேவைப்படுகிறது.

நாள் எல்லை: அரியலூர் நகரில் பதிவான ஒரு நிகழ்வு எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது என்பது நாளைப் பொறுத்தது. மென்பொருள் தர வேண்டிய விடைகள்:

1990 சனவரி 1: திருச்சிராப்பள்ளி
2000 திசம்பர் 31: பெரம்பலூர்
2001 சனவரி 1: அரியலூர்
2002 ஏப்ரல் 1: பெரம்பலூர்
2007 நவம்பர் 22: பெரம்பலூர்
2007 நவம்பர் 23: அரியலூர்

இவற்றைச் சரியாகத் தர, ஊருக்கு ஒரே ஒரு மாவட்டக் குறியீடு என்ற அமைப்பு போதாது. தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றுடன் குறியீடு சேமிக்கப்பட வேண்டும்.

நேர வலயம்: வழங்கியின் கடிகாரம் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் இருப்பின், இந்திய நேரப்படி நவம்பர் 23 தொடங்கும்போது அதற்கு நவம்பர் 22 மாலை 6.30 மணியே ஆகியிருக்கும். அடுத்த ஐந்தரை மணி நேரப் பதிவுகள் பழைய மாவட்டத்தில் சேரும். மெய்நிகர் கணினியின் கடிகாரத்தை மாற்றி வைத்து இதனைச் சோதிக்கலாம். அதற்கு முன் விருந்தோம்பியுடன் நேரத்தை ஒத்திசைக்கும் வசதியை நிறுத்த வேண்டும்.

குறியீட்டிலிருந்து ஊகித்தல்: வாகனப் பதிவில் பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61 என்ற எண்கள் உள்ளன. முன்னர் 46 வரிசையில் பதிவான வாகனத்தின் எண், அதன் உரிமையாளர் வாழும் ஊர் புதிய மாவட்டத்தில் சேர்ந்ததனால் மாறுவதில்லை. எண்ணைக் கொண்டு வசிப்பிட மாவட்டத்தை ஊகிக்கும் நிரல் பிழையானது.

எண்ணிக்கை ஒப்பீடு: மாற்றத்துக்கு முன் இருந்த மொத்தப் பதிவுகள், மாற்றத்துக்குப் பின் இரு மாவட்டங்களிலும் உள்ள பதிவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஊர்வாரியாகவும் இதனைச் சரிபார்க்க வேண்டும். ஓர் ஊர் தவறான மாவட்டத்தில் சேர்ந்திருந்தாலும் மொத்தம் மாறாது.

பின்வாங்கல்

சோதனைக்கூடத்தில் நிறுவல் தவறினால், நிலைப்பதிவுக்குத் திரும்பி மீண்டும் தொடங்கலாம். உண்மைப் பயன்பாட்டில் இம்முறை பெரும்பாலும் பொருந்தாது. 2001 சனவரி முதல் 2002 மார்ச் வரையான 15 மாதங்களில் அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அக்காலத்திலேயே நடந்தது. மாவட்டங்கள் மீண்டும் இணைந்தபோது பழைய நிலைக்கே தரவுத்தளத்தைத் திருப்பியிருந்தால், அந்த 15 மாதப் பதிவுகளும் மறைந்திருக்கும். எனவே நெடுநாள் கழித்துப் பின்வாங்குதல் என்பது, இடைக்காலத் தரவுகளைக் காத்துக்கொண்டு முன்னோக்கிச் செய்யப்படும் இன்னொரு மாற்றமே ஆகும். அதுவும் கூடத்தில் தனியே ஒத்திகை பார்க்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகியவையும், 2020 இல் மயிலாடுதுறையும் புதிய மாவட்டங்களாயின. ஆகவே எல்லைகள் மாறும் என்பதையே இயல்பாகக் கொண்டு மென்பொருள் வடிவமைக்கப்பட வேண்டும்.

வரம்புகள்

மெய்நிகர் கணினிகள் வேகத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. நான்கு கணினிகள் ஒரே வன்தட்டைப் பகிர்வதால், கூடத்தில் எடுக்கும் நேரமும் களத்தில் எடுக்கும் நேரமும் வேறுபடும். அச்சுப்பொறி, கைரேகைக் கருவி போன்றவற்றை உண்மையான கருவிகளைக் கொண்டே சோதிக்க வேண்டும். சில வணிக மென்பொருள்களுக்கு ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனி உரிமம் தேவைப்படலாம். நிலைப்பதிவு காப்புநகல் ஆகாது. விருந்தோம்பியின் வன்தட்டு பழுதானால் மெய்நிகர் கணினிகளும் அவற்றின் நிலைப்பதிவுகளும் ஒருங்கே அழியும்.

2013 இல் வெளிவந்த டாக்கர் போன்ற கொள்கலன் மென்பொருள்கள் குறைந்த நினைவகத்தில் விரைவாகச் சூழல்களை உருவாக்குகின்றன. கொள்கலன்கள் விருந்தோம்பியின் கருவகத்தையே பகிர்ந்துகொள்வதால், வெவ்வேறு இயக்குதளங்களில் நிறுவலைச் சோதிக்க மெய்நிகர் கணினிகளே இன்றும் பயன்படுத்தப்படுகின்றன.