ஆஜர்ப் பட்டியல் சொன்ன சேதி

பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியலை யாராவது ஆவலுடன் வாசித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? அமெரிக்காவில், சிக்காகோ நகரத்தில் வாசித்தார்கள்.

அந்நகரத்து ஹைஸ்கூல்களில் சேர்ந்த பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவது வழக்கமாயிருந்தது. சிக்காகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிக் கணக்குப் பார்த்து, 2005-ஆம் வருஷத்தில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஹைஸ்கூலின் முதல் வருஷமாகிய ஒன்பதாம் வகுப்பைச் சரிவரக் கடந்தவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் மூன்றரை மடங்குக்கு மேல் உரிய காலத்தில் படிப்பை முடித்திருந்தார்கள். அந்த வகுப்பில் யார் தேறமாட்டார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில், எட்டாம் வகுப்புப் பரீட்சை மார்க்கைவிட ஆஜர்ப் பட்டியலே எட்டு மடங்கு வல்லது என்றும் பிற்பாடு தெரிந்தது.

அப்புறம், இன்னார் இத்தனை நாள் வரவில்லை, இன்ன பாடத்தில் பின்தங்குகிறார் என்று பெயர் பெயராகப் பள்ளிக்கூடங்களுக்குப் பட்டியல் வந்தது. உபாத்தியாயர்கள் அப்பிள்ளைகளை அழைத்து விசாரித்தார்கள், பாடத்தில் உதவினார்கள். 2007-இல் நூற்றுக்கு 57 பேரே முதல் வருஷத்தைச் சரிவரக் கடந்தனர். 2013-இல் 82 பேர் கடந்தனர்.

மார்க்கை வாரி வழங்கிவிட்டார்களோ என்று சந்தேகிக்கலாம். ஆனால் முதலில் முன்னேறிய பள்ளிக்கூடங்களில், பின்னர் ஹைஸ்கூல் படிப்பையே முடித்தவர்களின் தொகையும் உயர்ந்தது.

நேயர்களே, உங்கள் வீட்டுக் குழந்தை இம்மாதம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை? இந்தக் கணக்குக்கு யந்திரம் எதுவும் வேண்டாம்; சுவரில் தொங்கும் காலண்டரே போதும்.