தாழ்த்திய மோட்டார் சைக்கிளை உரிய உயரத்திற்குக் கொண்டுவருவது எப்படி?

இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் செல்வதற்கும், நிரையிலிருந்து கட்டிப்பால் மூட்டையைக் கொண்டுவருவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் தோட்டப்புறத்தில் இன்று பெரிதும் பயன்படுவது ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிளே ஆகும். குடும்பத்தின் உழைப்பில் பங்குகொள்ளும் இவ்வண்டியைச் சிலர் அழகு கருதித் தரையோடு தரையாகத் தாழ்த்திவிடுகின்றனர். அவ்வாறு தாழ்த்தப்பட்ட பழைய வண்டியை, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடுவோரும் உண்டு.

நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது இத்தகைய வண்டி ஒன்றைக் கண்டோம். பால்மரம் வெட்டும் இளைஞர் ஒருவர் அதனைப் பட்டணத்தில் வாங்கியிருந்தார். மாதந்தோறும் தம் தாயாரைப் பின்னால் அமர்த்தி மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். இரண்டு மாதங்களுக்குப் பின் அத்தாயார், “நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன், ஐயா” என்று கூறிவிட்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவருடைய இடுப்பில் விழுந்த அடியை அவர் மகனிடம் சொல்லவில்லை. மகனோ செம்மண் சாலையைத்தான் குறைகூறிக்கொண்டிருந்தார். குற்றம் சாலையில் மட்டும் இல்லை என்பதை ஒரு நாள் பின்சக்கரம் மட்கார்டில் உராய்ந்து புகை வந்தபோதுதான் அவர் உணர்ந்தார்.

உயரம் எதற்காக?

வண்டிக்கும் சக்கரத்திற்கும் இடையேயுள்ள வெளி வீணான இடமன்று. சக்கரம் கல்லின்மீது ஏறும்போது மேலே எழவும், பள்ளத்தில் இறங்கும்போது கீழே செல்லவும் அவ்விடம் வேண்டும். சுருள்வில்லாகிய ஸ்பிரிங் அடியைத் தாங்கிக்கொள்கிறது. அப்சோபருக்குள் இருக்கும் எண்ணெய், அந்த ஸ்பிரிங் மீண்டும் மீண்டும் துள்ளாதபடி அடக்குகிறது. சிறிய மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் ஏறத்தாழ 7 அல்லது 8 சென்டிமீட்டரே. அதில் 3 சென்டிமீட்டரை அழகுக்காகக் குறைத்துவிட்டால், எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இருவர் ஏறி அமர்ந்தவுடனேயே அந்த மிச்சமும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் வரும் அடி இரும்பிலிருந்து நேரே முதுகெலும்புக்குத்தான் செல்லும்.

இது மட்டுமன்று. பின்புறம் மட்டும் தாழ்ந்த வண்டியின் முன்விளக்கு வானத்தை நோக்கும். எதிரே வருபவரின் கண் கூசும். நம் பாதையோ இருட்டாகவே இருக்கும். முன்புறம் மட்டும் தாழ்ந்த வண்டியின் கைப்பிடி சிறு கல் பட்டாலும் ஆட்டம் காணும். இரு புறமும் தாழ்ந்த வண்டியோ வளைவில் சாயும்போது கால்மிதியும் ஸ்டாண்டும் தரையில் தட்டி, சக்கரத்தைத் தூக்கிவிடக்கூடும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை மறத்தலாகாது. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழும் அதன் விதிகளின்கீழும், வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவோர் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.

முதலில் கண்டறிய வேண்டுவது

வண்டி எவ்வழியில் தாழ்த்தப்பட்டது என்று அறியாமல் பணத்தைச் செலவிடக் கூடாது. வழக்கமான வழிகள் மூன்று. முதலாவது, பின்புறத்தில் நீளம் குறைந்த அப்சோபர்களைப் பூட்டுதல். இரண்டாவது, ‘போர்க்’ எனப்படும் முன்சக்கரக் குழாய்களை அவற்றின் பிடியில் மேலே ஏற்றி இறுக்குதல். மூன்றாவது, ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்குதல். இம்மூன்றினுள் இறுதியானதே மிகவும் தீயது.

உங்கள் வண்டியின் அதே வகையைச் சேர்ந்த, மாற்றம் செய்யப்படாத வண்டி ஒன்று லயத்தில் எவரிடமேனும் இருக்கும். இரண்டையும் சமதரையில் அருகருகே நிறுத்துங்கள். பின்சக்கர அச்சின் நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே இருக்கை விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்சோபரின் மேல்துளை நடுவிலிருந்து கீழ்த்துளை நடுவரை உள்ள நீளத்தையும் அளந்திடுக. கடைகளில் 280 மில்லிமீட்டர் முதல் 340 மில்லிமீட்டர் வரை பல நீளங்களில் அப்சோபர்கள் விற்கப்படுகின்றன. ஆகவே கண்ணளவை நம்பலாகாது. வண்டியின் கையேடு இருப்பின் அதுவே சிறந்த வழிகாட்டி.

பின்புறத்தை உயர்த்துதல்

பின் அப்சோபர்களை எப்போதும் இணையாகவே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மற்றொன்று பழையது என்றால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பின்சக்கரத்தின் அடியில் ஒரு பலகையை வையுங்கள். இரு அப்சோபர்களையும் கழற்றியதும் சக்கரம் தொங்கிச் சங்கிலியையும் பிரேக் கம்பியையும் இழுக்காதபடி அப்பலகை தாங்கும். பின்னர் புதியவற்றின் மேல் போல்ட்டுகளை முதலில் மாட்டி, சக்கரத்தைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ கீழ் போல்ட்டுகளைப் பொருத்துக. நான்கையும் மாட்டிய பின்னரே முழுமையாக இறுக்குதல் வேண்டும்.

அப்சோபரின் அடியில் உள்ள படிகளைத் திருப்பி ஏற்றினால் இழந்த உயரம் மீண்டுவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. அப்படிகள் சுமைக்கேற்ப ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவுமே உள்ளன. குட்டையான அப்சோபரை அவை நீளமாக்கா. வாயு அடைத்த அப்சோபரைத் திறக்கவோ, அறுக்கவோ, நெருப்பில் காட்டவோ ஒருபோதும் முனைய வேண்டாம்.

முன்புறத்தை உயர்த்துதல்

குழாய்கள் பிடியில் மேலே ஏற்றப்பட்டிருந்தால் செலவு அதிகமில்லை. இஞ்சினின் அடியில் உறுதியான கட்டை கொடுத்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, பிடிகளைத் தளர்த்தி, இரு குழாய்களையும் பழைய இடத்திற்கு இறக்க வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவில் இருத்தல் இன்றியமையாதது.

ஸ்பிரிங் அறுக்கப்பட்டிருந்தால் புதிய ஸ்பிரிங்குகளை வாங்குவது தவிர வேறு வழி இல்லை. குட்டையான ஸ்பிரிங் மென்மையாகாது. சுற்றுகள் குறையக் குறைய விறைப்பே கூடும். அதனைச் சூடாக்கி இழுத்து நீட்டினால் எஃகின் உரம் போய்விடும். போர்க்கின் மேல்மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பதால், கழற்றும்போது தெறித்து முகத்தைத் தாக்கக்கூடும். ஆதலின் இவ்வேலையைப் பயிற்சி பெற்ற பட்டறைக்காரரிடம் விடுவதே அறிவுடைமை. புதிய ஸ்பிரிங் இடும்போதே கையேடு கூறும் அளவில் புதிய எண்ணெயையும் ஊற்றச் சொல்லுங்கள்.

உயரம் மீண்ட பின்

பலர் தவறுவது இவ்விடத்தில்தான். உயரம் மாறினால் அதனோடு சேர்ந்த மற்றவையும் மாறும். பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

சங்கிலி: பின்சக்கரம் இறங்கியதால் அதன் தளர்வு மாறியிருக்கும். ஒருவர் அமர்ந்திருக்கும்போதும் சங்கிலி விறைக்கக் கூடாது. பொதுவாக 2 முதல் 3 சென்டிமீட்டர் தளர்வு வேண்டும்; கையேட்டின் அளவே முடிவானது.

ஸ்டாண்டு: வண்டியைத் தாழ்த்தியவர் பக்க ஸ்டாண்டையும் அறுத்திருப்பார். உயர்ந்த வண்டியை அக்குட்டை ஸ்டாண்டில் நிறுத்தினால், ஈரமண்ணில் சாய்ந்து விழும். அருகில் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனையும் மாற்றுக.

பிரேக்: கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, முன் பிரேக் கம்பியோ குழாயோ இழுபடவில்லை என்று உறுதிசெய்க. பின் பிரேக்கின் மிதி அளவையும் சரிசெய்க.

விளக்கு: ஒருவரை அமரச் செய்து, சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளி விளக்கின் உயரத்திற்குச் சற்றுக் கீழே விழுமாறு திருப்புக.

இவை முடிந்ததும் முதலில் தனியாக, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவும்.

செலவும் சிந்தனையும்

வண்டியை விற்றவரிடம் பழைய உறுப்புகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். கழற்றியவற்றைப் பலர் வீட்டில் போட்டுவைத்திருப்பர். பழைய சாமான் கடையில் வாங்கினால், தண்டில் எண்ணெய்க் கசிவும் துருவும் இல்லாத இணையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கால் தரையில் எட்டவில்லை என்பதற்காக வண்டியைத் தாழ்த்தியோரும் உள்ளனர். நிரைக்கு வண்டியில் செல்லும் பெண்களுக்கு இது உண்மையான தேவை. அவர்கள் ஸ்பிரிங்கில் கைவைக்காமல், இருக்கையின் பஞ்சைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். சக்கரம் அசையும் இடம் அப்போது குறையாது.

நாம் முன்பு கூறிய இளைஞர் விற்றவரைத் தேடிச் சென்று பழைய அப்சோபர்களைக் கேட்டுப் பெற்றார். தோட்டத்துப் பட்டறையில் அவற்றைப் பூட்டிக்கொண்டார். நண்பர்கள் சிலர், “வண்டியின் அழகு போயிற்றே!” என்று நகைத்தனராம். அடுத்த மாதம் மருந்தகத்திற்குப் புறப்படும் நாளில் தாயார் பஸ் நிறுத்தத்திற்குச் செல்லவில்லை. தலைக்கவசத்தை அணிந்துகொண்டு வாசலில் மகனுக்காகக் காத்திருந்தார்.