குழாய் வைத்த பானை: முல்லைப் பெரியாறு எப்படி இயங்குகிறது?

கோடை வந்தால் சமையலறை மேடையில் ஏறிவிடும் மண்பானையைப் பாருங்கள். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு குழாய். திறந்தால் தண்ணீர் கொட்டும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு 1895 முதல் தண்ணீர் வருவதும் இதே ஏற்பாட்டில்தான்.

பானை

பெரியாறு மேற்கே போய் அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மழை அதிகம் பெய்வது மலைக்கு அந்தப் பக்கம். வயல்கள் காய்வது இந்தப் பக்கம். ஆற்றை மறித்து 155 அடி உயரச் சுவர் எழுப்பியதும் தண்ணீர் தேங்கி, பின்னோக்கித் தேக்கடிவரை பரவியது. அணை என்பது பானையின் ஒரு பக்கம் மட்டுமே. மற்ற பக்கங்கள் மலை போட்டவை.

குழாய்

தேக்கடியில் ஏரியையும் பள்ளத்தாக்கையும் பிரிப்பது ஒரு மலைமுகடு. அதைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் சுரங்கம் வெட்டினார்கள். பானையில் குழாய்க்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வராது. இங்கே அந்த மட்டம் 104 அடி. உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடிவரை நிரம்பினாலும் நமக்கு இறங்குவது மேலே உள்ள 38 அடித் தண்ணீர்தான். அணையின் நீர்மட்டத்தைத் தேனி மாவட்ட விவசாயிகள் நாள்தோறும் பேப்பரில் தேடுவது இதனால்தான்.

கீழே

சுரங்கத்தைக் கடந்த தண்ணீர் நான்கு ராட்சதக் குழாய்களில் சரிந்து, மலையடிவாரத்து லோயர் கேம்பில் மின்சாரம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தாக்கின் ஆற்றில் சேர்கிறது. மின்நிலையத்துக்குப் போகாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக இறங்கும். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இதை நம்பியிருக்கிறது. மிச்சம் வைகையில் கலந்து வைகை அணைக்குப் போகிறது. தேக்கடியில் ஷட்டரைத் தூக்கினால் போதும். மற்றதைப் பள்ளம் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் ஏன் நூறு வருடம்?

இவ்வளவு எளிய யோசனை முதலில் எழுந்தது 1789-இல். ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பணமில்லாமல் அது நின்றுபோனது. 1808-இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல், இது நடக்காத காரியம் என்று முடித்துவிட்டார். ஆறு திருவிதாங்கூர் மண்ணில் ஓடியதால் சமஸ்தானத்தின் சம்மதமும் வேண்டும். 999 வருடக் குத்தகை கையெழுத்தானது 1886 அக்டோபர் 29-இல்.

மறு ஆண்டு பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது. பானையை வனைந்து, சூளையில் சுட்டு, ஆறிய பிறகுதான் நாம் தண்ணீர் ஊற்றுவோம். அங்கே ஓடும் வெள்ளத்துக்கு நடுவிலேயே பானை வனைய வேண்டியிருந்தது. ஆற்றை ஒதுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சுண்ணாம்பையும் செங்கல் தூளான சுர்க்கியையும் காட்டுக்குள் மேலேற்ற வேண்டும். காய்ச்சல் கூலியாட்களைச் சாய்த்தது. சுரங்கத்துக்குப் பாறையில் துளைபோட்டு வெடிவைத்து முன்னேற வேண்டும். ஒருவழியாக 1895 அக்டோபரில் சென்னை ராஜதானியின் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார்.

கஷ்டம் எந்தப் பக்கம்?

இதற்கு நேர் எதிரானது போர்வெல். லாரி வந்தால் சீக்கிரமே துளை விழும், மோட்டார் இறங்கும். போடுவது சுலபம். பிறகுதான் பாடு: கரண்டு வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், காயில் எரிந்தால் கட்ட வேண்டும், நிலத்தடி நீர் இறங்கினால் இன்னும் ஆழம் போக வேண்டும். பெரியாற்றில் இந்தக் கணக்கு தலைகீழ். வேலையின் கஷ்டம் பெரும்பாலும் கட்டும்போதே தீர்ந்தது; அன்று பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் தானாக வருகிறது. லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருப்பதும், பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைப்பதும் அந்தக் கடனுக்காகத்தான்.

எளிமையாக ஓடும் எதற்குப் பின்னாலும் யாரோ முன்கூட்டியே பட்ட பாடு இருக்கும். அடுத்த முறை ஒருவர் உங்களிடம் "ரொம்ப சிம்பிளான திட்டம்" என்று வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கஷ்டம் கட்டும்போதா, ஓட்டும்போதா?