அரை மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல: சிபிடி உடம்புல வேலை செய்ய எவ்வளவு நேரம்?

போன மாசம் ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவன் என் காலேஜ் ரூம்மேட். இப்போ கலிஃபோர்னியாவுல, சான் ஹோசேல வேலை. அங்க அப்போ காலை பத்து. பதினொரு மணிக்கு டைரக்டர் முன்னாடி டிசைன் ரிவ்யூ. "மச்சி, பதட்டமா இருக்குன்னு சிபிடி ஜெல்லி மிட்டாய் ஒண்ணு சாப்பிட்டேன். அரை மணி நேரம் ஆச்சு, ஒண்ணும் ஆகல. இன்னொண்ணு போடட்டா?"

நான் கேட்குறதுக்குள்ள அவன் ரெண்டாவதையும் போட்டுட்டான். ரிவ்யூ வழக்கமான உதறலோட முடிஞ்சது. மதியம் ரெண்டு மணிக்கு நல்ல தூக்கம் வந்துச்சாம். அது சிபிடியால வந்ததா, சாப்பிட்ட பர்ரிட்டோவால வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. நான் டாக்டர் இல்ல, கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு வேலைக்கு ஏன் இவ்வளவு லேட்டன்சின்னு தோண்டுறது எனக்குப் பழகிப்போன விஷயம். அப்படித் தோண்டினதுதான் இந்த எபிசோடு.

முதல்ல சிபிடின்னா என்னன்னு பார்த்துடலாம். கேனபிடையால். கஞ்சாச் செடியில இருக்கிற நூத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள்ல ஒண்ணு. போதை தர்றது இது இல்ல, அது டிஎச்சி. சிபிடி எண்ணெயில நல்லாக் கரையும், தண்ணியில கரையவே கரையாது. ரசத்து மேல மிதக்குற தாளிப்பு எண்ணெய் மாதிரி. நம்ம ரத்தமும் குடலும் பெரும்பாலும் தண்ணி சமாச்சாரம். தாமதம் ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

மிட்டாயோ காப்ஸ்யூலோ, முழுங்கினா முதல்ல வயிறு, அப்புறம் குடல். குடல் உறிஞ்சினது நேரா ரத்த ஓட்டத்துக்குப் போயிடாது, வழியில கல்லீரல் ஒரு டோல்கேட் போட்டு உட்கார்ந்திருக்கு. அங்க பெரும்பகுதியை உடைச்சு வேற பொருளா மாத்திடும். வெறும் வயித்துல சாப்பிட்டா, முழுங்கினதுல சுமார் 6 சதவீதம்தான் முழு சிபிடியா ரத்தத்துக்கு வந்து சேருது. நண்பனோட மிட்டாய் 25 மில்லிகிராம். கணக்குப் போட்டா ஒண்ணரை மில்லிகிராம். அதுவும் உடனே வராது. எபிடியோலெக்ஸ்ங்கிற சிபிடி மருந்துல நடந்த அளவீடுகள்படி, ரத்தத்துல உச்ச அளவு வர இரண்டரை மணி நேரத்துல இருந்து அஞ்சு மணி நேரம் ஆகுது. அதனால, அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகலன்னு அவன் சொன்னப்போ, மிட்டாய் அநேகமா வயித்துலயேதான் இருந்திருக்கும்.

புகையா இழுத்தா கதை வேற. நுரையீரல்ல இருந்து கல்லீரல் பக்கம் போகாமலே ரத்தத்துல கலந்துடும். சில நிமிஷத்துல உச்சம், சேர்ற அளவும் சராசரியா 30 சதவீதம் வரைக்கும். (அதுக்காக இழுங்கன்னு சொல்ல வரல. நுரையீரலுக்கு அது தர்ற பில் தனி.) நாக்குக்கு அடியில விடுற சொட்டு 'பதினஞ்சு நிமிஷத்துல வேலை செய்யும்'னு பாட்டில்ல போட்டிருப்பாங்க. எண்ணெயை எவ்வளவு நேரம்தான் வாயில வெச்சிருப்பீங்க? எச்சிலோட உள்ள போற பங்கு அதே வயிறு, அதே குடல், அதே டோல்கேட்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம் சாப்பாடு பத்தினது. எபிடியோலெக்ஸை வெறும் வயித்துல கொடுத்ததையும் கொழுப்பு அதிகமான சாப்பாட்டோட கொடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. சாப்பாட்டோட கொடுத்தப்போ ரத்தத்துல உச்ச அளவு சுமார் 5 மடங்கு, மொத்தமா சேர்ந்த அளவு சுமார் 4 மடங்கு. முழுக் கொழுப்புப் பாலோட கொடுத்தாலும் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுது. அதாவது, அதே பாட்டில், அதே சொட்டு, ஒரு நாள் காலையில வெறும் வயித்துல, இன்னொரு நாள் நெய் மணக்குற பொங்கலுக்கு அப்புறம். ரெண்டும் உடம்புக்கு வேற வேற டோஸ். 'எனக்கு வேலை செஞ்சுது, உனக்கு ஏன் செய்யல'ன்னு ரெண்டு பேர் சண்டை போடுறதுக்கு இது ஒண்ணே போதும்.

சரி, ரத்தத்துக்கு வந்தா வேலை செஞ்சதா அர்த்தமா? பதட்டத்துக்கு இது உதவுமான்னு பிரேசில்ல சோதனை பண்ணாங்க. ஆளைக் கூப்பிட்டு கேமரா முன்னாடி பேசச் சொல்றது. நண்பனோட ரிவ்யூ மாதிரியேதான். 2019ல வந்த ஆய்வுல 150, 300, 600 மில்லிகிராம்னு கொடுத்துப் பார்த்தாங்க. 300ல பதட்டம் குறைஞ்சது. 150லயும் குறையல, 600லயும் குறையல. ஒண்ணு பத்தலைன்னா ரெண்டு போடுங்கிற நம்ம லாஜிக் இங்க செல்லாது. 25 மில்லிகிராம் மிட்டாய் இந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே வரல. இருபது நிமிஷத்துல அமைதியாயிட்டேன்னு யாராவது சொன்னா, அந்த அமைதி பெரும்பாலும் மிட்டாய் வாங்கின நம்பிக்கையில இருந்து வந்தது. அதைக் கேலியா சொல்லல. நம்பிக்கைக்கு நிஜமாவே அளவு இருக்கு. ட்ராவே சிண்ட்ரோம்னு குழந்தைகளுக்கு வர்ற கடுமையான வலிப்பு நோய்ல 120 பேரை வெச்சு 14 வாரம் நடந்த சோதனையோட முடிவு 2017ல வந்துச்சு. சிபிடி எடுத்தவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதியோ அதுக்கு மேலயோ குறைஞ்சது. மருந்தே இல்லாத திரவம் குடிச்சவங்கள்லயும் 27 சதவீதம் பேருக்குக் குறைஞ்சது. நோய் தானா ஏறி இறங்குறதும் அந்த 27ல அடக்கம்.

அந்த நோய்க்குத்தான் 2018ல அமெரிக்காவோட எஃப்டிஏ எபிடியோலெக்ஸை அனுமதிச்சது. அதைக் கொடுக்குற விதத்தைப் பாருங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, ஒரு வாரம் கழிச்சு 10. எழுபது கிலோ ஆளுக்கு அது 700 மில்லிகிராம். டாக்டருங்க இங்க பார்க்குறது மணிக்கணக்கு இல்ல, வாரக்கணக்கு.

இந்த வாரக்கணக்கு எனக்கு உறைச்சது ரெண்டாவது போன் கால்ல. நண்பனோட அம்மா ஆறு மாச விசாவுல அங்க போயிருக்காங்க. திருச்சியில இதய வால்வு ஆபரேஷன் ஆனவங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை தினமும் சாப்பிடணும். நம்ம ஊர் பெத்தவங்க எல்லாரும் பண்ற மாதிரி, ஆறு மாசத்துக்கான மாத்திரையைப் பெட்டியில அடுக்கிட்டுப் போயிட்டாங்க. மாசா மாசம் எடுக்க வேண்டிய ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை? அங்க செலவு அதிகம்னு எடுக்கவே இல்ல. மாடிப்படி ஏறி முட்டி வலி. இவன் பாசத்துல சிபிடி எண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கான். கசக்குதுன்னு அம்மா அதை ராத்திரி பால்ல கலந்து குடிச்சிருக்காங்க. எட்டு நாளா!

நான் படிச்சிருந்தது அப்போதான் பயமா மாறுச்சு. கல்லீரல் டோல்கேட்ல வார்ஃபரினுக்கும் அதே என்சைம் கூட்டத்தோடதான் வேலை. சிபிடி அந்த என்சைம்கள்ல சிலதை மெதுவாக்குது. அப்போ வார்ஃபரின் உடையாம ரத்தத்துல தேங்கும், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சிபிடி சேர்த்த பிறகு ஐஎன்ஆர் ஏறி, வார்ஃபரின் அளவைக் குறைக்க வேண்டி வந்த நோயாளி பத்தி மருத்துவ இதழ்ல பதிவு இருக்கு. வலிப்புக்குக் கொடுக்குற குளோபசாம்லயும் இதே மாதிரி சிக்கல் உண்டு. அதோட துணைப்பொருள் ரத்தத்துல சுமார் 3 மடங்கு ஏறி, ஆள் தூங்கி வழிவாங்க.

"டேய், இப்பவே திருச்சி டாக்டருக்குப் போன் போடு"ன்னேன். அவர் எண்ணெயை நிறுத்தச் சொல்லி, அன்னைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு இருக்க வேண்டியது 2.5ல இருந்து 3.5. வந்தது 4.3. எண்ணெய் மட்டும்தான் காரணம்னு டாக்டரே சொல்லல. ஊர் மாறிச்சு, கீரை சாப்பிடுறது குறைஞ்சது, அதுவும் வார்ஃபரினை ஆட்டும். ஒரு வேளை மாத்திரையை விடச் சொல்லிட்டு, "மூணு நாள்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு வாரம் வரைக்கும் திரும்பத் திரும்ப எடுங்க"ன்னார்.

நண்பனுக்குப் புரியல. எண்ணெயை நிறுத்தியாச்சே, எதுக்கு ரெண்டு வாரம்? விடை அரை ஆயுள்ல இருக்கு. காபியில இருக்கிற கஃபீன் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம். சிபிடியை ஒரு வாரம் தொடர்ந்து, தினமும் ரெண்டு வேளை கொடுத்துப் பார்த்ததுல, பாதியாகக் குறைய 56ல இருந்து 61 மணி நேரம் ஆச்சு. கொழுப்புல போய்ப் பதுங்கிக்கிட்டு மெதுவா வெளிய வருது. அஞ்சு அரை ஆயுள் போனாத்தான் ஏறக்குறைய காலி. அறுபதை அஞ்சால பெருக்கினா 300 மணி நேரம், பன்னெண்டரை நாள். அம்மா குடிச்சது அந்தச் சோதனை அளவை விட ரொம்பக் குறைவு, ஆனா கணக்கோட போக்கு அதேதான். அது மெல்ல வெளியேற வெளியேற வார்ஃபரின் பழைய வேகத்துல உடைய ஆரம்பிக்கும், ஐஎன்ஆர் இப்போ எதிர்ப்பக்கம் இறங்கலாம். வால்வு வெச்சவங்களுக்கு அதுவும் ஆபத்து. ரத்தம் கட்டிக்கும்.

இன்னொரு சங்கதி, பாட்டில்ல எழுதினது உள்ள இருக்குதாங்கிறது. 2017ல அமெரிக்காவுல ஆன்லைன்ல விற்ற 84 சிபிடி பொருள்களைச் சோதிச்சதுல, லேபிள் சரியா இருந்தது 31 சதவீதத்துல மட்டும். 18 பொருள்கள்ல டிஎச்சி இருந்துச்சு. நண்பனோட ரெண்டாவது மிட்டாய் அந்த ரகமா இருந்திருந்தா, டைரக்டர் ரூம்ல கதை வேற மாதிரி போயிருக்கும். டிஎச்சியும் முழுங்கினா தாமதமாத்தான் ஏறும், ஆனா ஏறினா தெரியும். நம்ம ஊர்ல, ஆயுர்வேதத்துல கஞ்சாவுக்கு இருக்கிற 'விஜயா'ங்கிற பேர்ல, இலைச் சாறுல தயாரிச்ச எண்ணெய்கள் விற்கிறாங்க. 1985 போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது பூக்கும் நுனியை, தனியா இருக்கிற இலையை இல்ல. சட்டத்துல இடம் இருக்கு, ஆனா உங்க கல்லீரல் பேரைப் பார்த்து நடந்துக்காது.

பதினாலாம் நாள் ரிப்போர்ட்டை நண்பன் அனுப்பினான். 2.9. முட்டிக்கு இப்போ வெந்நீர் ஒத்தடம். எண்ணெய் பாட்டில் ஃப்ரிட்ஜ் மேல இருக்காம், முக்கால்வாசி மிச்சம். ஐம்பத்தஞ்சு டாலர் போட்டு வாங்கினதை எப்படிடா கொட்டுறதுன்னு அம்மா கேட்டுட்டே இருக்காங்களாம்.