கை தூக்காத பிள்ளை

(இணையவழிச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் சொன்ன சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன்.)

நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொட்டாவி வந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கல்விக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவு பற்றிப் பேசச் சொன்னபோது, “நான் டிப்ளமோ படித்த நர்ஸ், இதற்கெல்லாம் பேராசிரியர்கள் இருக்கிறார்களே” என்றேன். “நீங்கள் உங்கள் வார்டிலிருந்தே தொடங்குங்கள்” என்றார்கள். சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலை செய்வது ஜெர்மனியில், நோர்டுரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் எங்கள் வார்டின் நடைக்கூடத்தில் நின்று பார்த்தால் இந்த நாட்டின் பள்ளிக்கூட வரைபடம் முழுவதும் தெரியும். முன்னால் போகும் டாக்டர்கள் பெரும்பாலும் கிம்னாசியத்தில் படித்தவர்கள். (உடற்பயிற்சிக் கூடம் இல்லை, பல்கலைக்கழகத்துக்கு நேராக அனுப்பும் பள்ளி.) அவர்களுக்குப் பின்னால் ஃபைலோடு போகும் என் ஜெர்மன் சக நர்சுகளில் பலர் ரெயால்ஷூலேயில் பத்து வகுப்பு முடித்து நர்சிங் பயிற்சிக்கு வந்தவர்கள். கட்டிலைத் துடைக்கும் உதவியாளரும் தரையைத் துடைக்கும் பெண்ணும் ஹவுப்ட்ஷூலே, அல்லது வேறு நாட்டில் படித்து இங்கே செல்லாமல் போன ஏதோ ஒரு படிப்பு. மூன்று பள்ளிகள், மூன்று நிறச் சீருடைகள்.

யார் எந்தப் பள்ளிக்குப் போவது என்பது இங்கே நாலாம் வகுப்பில் தீர்மானமாகிறது. பிள்ளைக்கு அப்போது வயது பத்து. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் மட்டும் ஆரம்பப் பள்ளி ஆறு ஆண்டுகள். மற்ற மாநிலங்களில் நாலுதான். இந்த நாலு ஆண்டுகளும் போராடிப் பெற்றவை என்பது பலருக்குத் தெரியாது. 1920வரை வசதியானவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கும் தனி ஆயத்தப் பள்ளிகள் இருந்தன. வைமார் குடியரசு அந்த ஆண்டில் சட்டம் போட்டு, எல்லாப் பிள்ளைகளும் முதல் நாலு ஆண்டு ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்கட்டும் என்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் அனுப்பிய கல்விக் குழு, இவ்வளவு சீக்கிரம் பிரிக்காதீர்கள் என்று 1946இல் அறிக்கை கொடுத்தது. கேட்கவில்லை. நூறு ஆண்டு கழித்தும் அந்த நாலு, நாலாகவே நிற்கிறது. எங்கள் மாநிலத்தில் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் கெஸாம்ட்ஷூலே என்ற பள்ளிகளும் உண்டு, ஆனால் அவை பழையவற்றை அகற்றவில்லை, பக்கத்தில் வந்து நின்றுகொண்டன.

இனி என் மகன் கதை. நாலாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கில் 2, ஜெர்மன் மொழியில் 2, பொதுப் பாடத்தில் 2. இங்கே 1 தான் முதல் தரம், 6 கடைசி. நல்ல மதிப்பெண்தான். பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். ஆசிரியை அன்பானவர், இப்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. “அமைதியான பிள்ளை, கை தூக்குவதே இல்லை” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று நான் சொல்லி வளர்த்ததற்குப் பலன் என்று நினைத்தேன். அவர் சொன்னது புகார் என்பது பாதிப் பேச்சில்தான் உறைத்தது. இங்கே வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. அடுத்து, “வீட்டில் பாடத்துக்கு உதவ யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டார். நான் ஷிப்ட் வேலை, அவன் அப்பா உணவகத்தில் இரவு பதினொன்றுவரை. உண்மையைச் சொன்னேன். ஜனவரியில் அரையாண்டுச் சான்றிதழோடு கடிதம் வந்தது: ரெயால்ஷூலேக்குப் பரிந்துரை.

அந்த உரையாடலை நான் புரிந்துகொண்டது பிறகு புத்தகங்கள் வழியாகத்தான். பேசில் பெர்ன்ஸ்டைன் என்று லண்டனில் ஒரு சமூகவியலாளர் இருந்தார். உழைக்கும் குடும்பங்களில் பேச்சு சுருக்கமாக, சூழலை நம்பி நடக்கிறது, நடுத்தர வர்க்க வீடுகளில் எல்லாவற்றையும் விரித்து, காரணம் சொல்லிப் பேசுகிறார்கள், பள்ளி இரண்டாவது பேச்சைத்தான் எதிர்பார்க்கிறது என்றார் அவர். “அதை அங்க வை” என்றால் என் வீட்டில் எல்லோருக்கும் புரியும். எங்கள் டாக்டர் அம்மா தன் மகளிடம் தொலைபேசியில், எதை, ஏன் அங்கே வைக்க வேண்டும், உனக்கு என்ன தோன்றுகிறது என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு வகுப்பறை வீட்டின் இன்னொரு அறை.

பிரான்சின் பியர் பூர்தியூ இன்னும் ஒரு படி போனார். அவரே கிராமத்துத் தபால் ஊழியரின் மகன். இந்த வலி தெரிந்தவர். 1964இல் பாஸ்ரோனுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலின் பெயரே ‘வாரிசுகள்’ என்று பொருள்படும். பள்ளி தான் கற்றுக்கொடுக்காத ஒன்றைப் பிள்ளையிடம் கேட்கிறது. அது வீட்டிலிருந்து வருகிறது. வந்த பிறகு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறது. இதைத்தான் அவர் பண்பாட்டு மூலதனம் என்றார். நிலம், நகை போல இதுவும் பரம்பரைச் சொத்து. பத்திரம் மட்டும் கிடையாது.

இதில் என் பங்கையும் சொல்லவேண்டும். நான் கன்னியாகுமரிக் கடற்கரையில், வள்ளத்தில் போன ஒருவரின் மகள். மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தேன். அங்கே கை கட்டி, வாய் பொத்தி இருந்த பிள்ளைக்குத்தான் நற்சான்று. நர்சிங் பள்ளியிலும் அப்படியே. டாக்டர் வந்தால் எழுந்து நில், கேட்டால் மட்டும் பதில் சொல். ஊசி போடுவது பாடத்திட்டத்தில் இருந்தது, இது எதிலும் எழுதப்படவில்லை. ஆனால் இதைத்தான் நான் மறக்காமல் கற்றுக்கொண்டேன். மறைமுகப் பாடத்திட்டம் என்று சொல்வார்கள். அதை அப்படியே மகனுக்குக் கொடுத்து, அவனை வேறு பாடத்திட்டம் உள்ள வகுப்பறைக்கு அனுப்பினேன்.

1960களில் ஜெர்மன் சமூகவியலாளர்கள், உயர்கல்விக்கு வராமல் போவது யார் என்று தேடினார்கள். ரால்ஃப் டாரன்டோர்ஃப், கல்வி குடிமக்களின் உரிமை என்று வாதிட்ட காலம் அது. நாலு குறைகளும் சேர்ந்த ஓர் உருவம் கிடைத்தது: நாட்டுப்புறத்தில் வாழும் கத்தோலிக்கத் தொழிலாளியின் மகள். படித்தபோது சிரித்துவிட்டேன். என்னைப் பற்றி எனக்கு முன்பே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்! 2000க்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறொரு உருவம் வந்துவிட்டது என்கிறார்கள்: நகரத்தில் வாழும், குடியேறிய குடும்பத்தின் மகன். ஒரே தலைமுறையில் தாயும் மகனும் இரண்டு உருவங்களிலும் பொருந்திவிட்டோம்.

ஜெர்மானியர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 2000இல் நடந்த முதல் பீசா தேர்வின் முடிவுகள் 2001 டிசம்பரில் வந்தபோது நாடே அதிர்ந்தது. பெற்றோரின் நிலைக்கும் பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கும் உள்ள தொடர்பு, பங்கேற்ற நாடுகளிலேயே ஜெர்மனியில்தான் மிக இறுக்கமாக இருந்தது. அதன் பின் ஹாம்பர்க் நகர-மாநிலம், ஆரம்பப் பள்ளியை ஆறு ஆண்டாக்க முயன்றது. சட்டமன்றக் கட்சிகள் எல்லாம் ஆதரித்தன. வசதியான பெற்றோர் இயக்கம் நடத்தி மக்கள் வாக்கெடுப்பு கொண்டுவந்தார்கள். 2010 ஜூலை 18 அன்று திட்டம் தோற்றது. வசதியான பகுதிகளில் வரிசையாக வந்து ஓட்டுப் போட்டார்கள், ஏழைப் பகுதிகளில் வாக்குப்பதிவு குறைவு. ஜெர்மன் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கு ஓட்டே இல்லை. யாருடைய பிள்ளைகளுக்காகத் திட்டம் வந்ததோ அவர்களில் பலர் அன்று வீட்டில் இருந்தார்கள்.

என் மகனின் கடிதத்துக்கு வருகிறேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரெயால்ஷூலே விண்ணப்பத்தை நிரப்பிப் பையில் வைத்திருந்தேன். வார்டு சமையலறையில் காபி குடிக்கும்போது அந்த டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் மகளுக்கும் அதே வயது, ஏறக்குறைய அதே மதிப்பெண். “அது பரிந்துரைதானே, உத்தரவு இல்லையே” என்றார். எங்கள் மாநிலத்தில் கடைசி முடிவு பெற்றோருடையது. பவேரியா என்றால் கதை வேறு, அங்கே மதிப்பெண் சராசரிதான் வாசற்படி. நான் அவ்வளவு ஆண்டுகள் இங்கே இருந்தும் எனக்கு இது தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “தெரியும், அவ்வளவுதான்” என்றார்.

மகன் இப்போது கிம்னாசியத்தில் எட்டாம் வகுப்பு. லத்தீனில் 4 வாங்கியிருக்கிறான். அது வேறு கவலை. ஆனால் இதை என் வெற்றி என்று யாரும் கைதட்ட வேண்டாம். நான் டாக்டர்களோடு காபி குடிக்கும் வேலையில் இருந்ததால் எனக்குச் செய்தி கிடைத்தது. உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவுபவருக்கு யார் சொல்வார்கள்? நானும் பெரிய நியாயவாதி இல்லை. விளக்கமாகக் கேள்வி கேட்கும் நோயாளிக்கு நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன் என்பதை இந்த உரைக்குத் தயாராகும்போதுதான் கவனித்தேன். கேட்கத் தெரியாதவருக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

கேள்வி நேரத்தில் ஒரு சகோதரி திரையில் முகம் காட்டாமல் பேசினார். பிள்ளைக்கு இப்போது நாலாம் வகுப்பு. “அக்கா, ரீச்சர் சொன்னால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டார். பெற்றோர் சந்திப்பு நவம்பரில் என்றார். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம்தான். அன்றைக்கு லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.