அன்னாசிப் பழமும் ஒரு சிறுமியின் வினாவும்

சித்திரப் படம் என்றால் அது சிறுவர்க்குரிய வேடிக்கை என்றே நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். ஆகவே, சென்ற விடுமுறையில், மாத்தளையில் மழை ஓயாது பெய்த ஒரு மாலைப் பொழுதில், யப்பானியச் சித்திரப் படம் ஒன்றைக் காண எமது மகள் அழைத்தபோது அரைமனத்துடனேயே அமர்ந்தோம். படம் முடிந்தபோது பேச்சற்றிருந்தோம்.

‘ஒன்லி யெஸ்டர்டே’ என்பது அப்படத்தின் ஆங்கிலப் பெயர். கிப்லி கலைக்கூடத்திற்காக இசாவோ தகஹாதா 1991 இல் நெறிப்படுத்தியது. மாயமில்லை, போருமில்லை. தோக்கியோ நகரில் அலுவலகப் பணிபுரியும் 27 வயதுத் தயெக்கோ, 1982 இல் விடுமுறை பெற்று, யமகத்தா நாட்டுப்புறத்திற்குக் குசும்பாப் பூக் கொய்யச் செல்கிறாள். 1966 இல் ஐந்தாம் வகுப்பிற் பயின்ற தன் இளமை நினைவுகள் அவளைத் தொடர்ந்து வருகின்றன. கதை அவ்வளவே.

முள் குத்தாதிருக்கும் பொருட்டு, பனி உலராத விடியலிலேயே அப்பூவைக் கொய்கின்றனர். அதன் செஞ்சாயம் முற்காலத்தில் நகரத்துச் செல்வப் பெண்களின் இதழ்களுக்கு அழகூட்டியது. கொய்த பெண்களுக்கோ அது எட்டாப் பொருளாயிற்று. கொழுந்து பறிக்கும் கரங்களை நாளும் காணும் மலையக வாசகர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

மற்றொரு காட்சியில், தயெக்கோவின் வீட்டிற்கு முதன்முதலாக ஓர் அன்னாசிப் பழம் வருகிறது. அதை எவ்வாறு அரிவதென எவருக்கும் தெரியவில்லை! எம் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தனர்.

ஆயின், பின்னர் வந்த ஒரு காட்சி எம்மைச் சிரிக்க விடவில்லை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கில் தயெக்கோ தவறுகிறாள். “தலைகீழாக்கிப் பெருக்கு” என்கிறாள் தமக்கை. மூன்றில் இரண்டு பங்கு அப்பிளை நாலில் ஒன்றால் வகுப்பதென்றால் என்ன பொருள் என்று அவள் வினவுகிறாள். விடையில்லை; மந்தபுத்தி என்ற பெயரே மிஞ்சுகிறது.

வகுப்பறையில் இதே வினாவைக் கேட்ட பிள்ளைகளை, “சொன்னதைச் செய்” என்று எத்தனை முறை அமர்த்தியிருப்போம்! அவர்களுள் எத்தனை பேர் தம்மை மந்தர் என்றே நம்பி வளர்ந்தனரோ?

“அப்பா, அதற்கு உண்மையில் என்னதான் பொருள்?” என்றாள் மகள்.

அன்னாசியின் வட்டத் துண்டொன்றைப் பன்னிரண்டு சம கூறாக்கினோம். மூன்றில் இரண்டு பங்கு, எட்டுக் கூறுகள். கால் பங்கு, மூன்று கூறுகள். எட்டினுள் எத்தனை மூன்றுகள் உண்டு? இரண்டு முழுதாக உண்டு; எஞ்சிய இரு கூறுகள் மற்றொரு காலின் மூன்றில் இரண்டு. ஆகவே விடை இரண்டும் மூன்றில் இரண்டும். தலைகீழாக்கிப் பெருக்கினாலும் அதுவே வரும்.

“இதை முன்பே சொல்லியிருக்கலாமே!” என்றாள் அவள்.

சொல்லியிருக்கலாம். வரும் தவணையில் வகுப்பிற்கு ஓர் அன்னாசியுடன் செல்வதென முடிவு செய்துள்ளோம்.