தோளணிச் சுறா

சுறா என்ற மாத்திரத்தில், ஜலத்தைக் கிழித்துக்கொண்டு வரும் முதுகுத் துடுப்பும் வரிசை வரிசையான பற்களும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றனவேயன்றி, ஒரு மீட்டர் நீளத்தை அநேகமாகத் தாண்டாமல், கடலடி மணலில் மூக்கைப் புதைத்துப் புழுவையும் நண்டையும் தேடித் திரியும் சாதுவான சுறாவும் உண்டு என்பது நம்மில் பலர் அறியாத விஷயம். ஆஸ்திரேலியாவின் வடபுறத்திலும் நியூகினித் தீவை அடுத்த கடலிலும், ஆழமற்ற பவழப் பாறைகளிடையே வசிக்கும் இப்பிராணியை 1788-இல் பொன்னத்தேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வருணித்து நூலில் ஏற்றினார். மார்புத் துடுப்புகளுக்குச் சற்றுப் பின்னே, இருபுறமும், வெண்வளையம் சூழ்ந்த பெரிய கரும்புள்ளி ஒவ்வொன்று, சேனாதிபதிகள் தோளில் தரிக்கும் அணியைப் போல் விளங்குவதால் இதற்குத் தோளணிச் சுறா என்பது பொருத்தமான பெயர்.

இதன் நான்கு துடுப்புகள், மார்பில் இரண்டும் இடுப்பில் இரண்டுமாக, தசை பற்றிக் கால்களைப் போல் வளைந்து கொடுப்பதால், பல்லி உடலை நெளித்துச் செல்வதைப் போல இது தரையில் நடக்கிறது. கடல் வற்றிய வேளையில், ஈரப் பாறைமீது ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குப் போய்விடவும் செய்கிறது.

ஆனால் நடையைவிட அதிசயமானது இதன் மூச்சு. இரவில் கடல் வற்றிக் குட்டைகள் துண்டுபட்டு நிற்கையில், சூரிய ஒளியின்றிப் பாசிகள் பிராணவாயுவை வெளியிடாமல் ஓய்ந்துவிட, பவழம் முதலான சகல ஜீவராசிகளும் இருப்பதையே உறிஞ்சிக்கொண்டிருப்பதால், நீரிலுள்ள பிராணவாயு வெகுவாகக் குறைந்துபோகிறது. வரும்படி சுருங்கிய காலத்தில் மற்றச் செலவுகளை நிறுத்தி அடுப்பை மட்டும் அணையாமல் காக்கும் குடும்பஸ்தனைப் போல, இச்சுறா இருதயத் துடிப்பைத் தணித்து, ரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, மூளையின் ரத்தக் குழாய்களை மாத்திரம் விரித்து அங்கே ஓட்டம் குன்றாமல் பார்த்துக்கொள்வதோடு, மூளையிலேயே சில பகுதிகளின் வேலையையும் அடக்கிவைக்கிறது. பிராணவாயுவே அற்ற நீரில் ஒரு மணி நேரம் வைத்தும் இது ஊறின்றிப் பிழைத்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன.

பெரிய மீன்கள் தங்க இயலாத குட்டையில், சிக்கிக்கொண்ட நண்டும் இறாலும் இதற்கே விருந்தாகின்றன. பலத்தால் பெற முடியாததைச் சிக்கனத்தால் பெற்றுக்கொண்டு, ஓதம் ஏறும்வரை இது நிதானமாக மென்று கொண்டிருக்கிறது.